சின்னத்தொரை வீட்டு முன்வாசல்

நான் படித்த இடைநிலைப்பள்ளியில் தொழில் வழிகாட்டி நாள் என்று ஒன்று வைத்தார்கள். போலீசுக்கு ஒரு மேசை, தாதியர் பயிற்சிக்கு ஒன்று, கணக்கியலுக்கு இரண்டு. விவசாய மேசையில் மட்டும் ஆள் இல்லை. ஒரு மிளகாய்ச் செடித் தொட்டி இருந்தது. அதையும் மதியத்துக்குள் யாரோ பிய்த்துப் போட்டிருந்தார்கள். அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றது நான் ஒருத்திதான்.

எனக்கு மண் பிடிக்கும். இதற்கு மேல் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. தோட்ட நிர்வாகத்தில் டிப்ளோமா படிக்கப் போகிறேன் என்று ராசா டவுனில் எங்கள் வீட்டில் சொன்னபோது, அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

அப்பா ரவாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். அங்கே வெள்ளைக்காரன் போன பிறகும் பங்களா சட்டம் போகவில்லை. சைக்கிளில் வருகிறவன் தொரை பங்களாவைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். காய்ச்சலோ சம்பளக் குறையோ, சொல்ல வருகிறவன் பின்னால் சமையல்கட்டு, குசினிப் பக்கம் போய்த்தான் நிற்க வேண்டும். முன்வாசல் தொரைமாருக்கு மட்டும். அப்பா இதையெல்லாம் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்லுவார்.

"தோட்டத்த விட்டு வெளிய வர நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நீ படிச்சிட்டு திரும்ப அங்கயே போறியா?" என்றார்.

சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒத்து ஊதினாள். "செம்பனக் கொல வெட்டவா இத்தன படிப்பு? அதுக்குத்தான் வங்காளதேசத்துக்காரன் இருக்கான்லா."

விளக்கிச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. நாற்றங்காலில் வேலை இருக்கிறது, செம்பனை எண்ணெய் ஆலையில் எஞ்சினியர் வேலை இருக்கிறது, மண்ணைச் சோதிக்கும் ஆய்வகம் இருக்கிறது, செகிஞ்சான் நெல்வயல்களில் டிரோன் விட்டு மருந்தடிக்கிறவர்களில் பாதிப்பேர் என் வயதுதான் என்றேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. விவசாயம் என்றதும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது ஒரு கத்தியும் ஒரு கோணிச் சாக்கும்தான். பிடிவாதத்தில் நானும் அவர் மகள்தானே, படித்து முடித்தேன்.

கோல சிலாங்கூர் பக்கமே ஒரு செம்பனைத் தோட்டத்தில் துணை நிர்வாகி வேலை கிடைத்தது. தோட்டத்துப் பேச்சில் சின்னத்தொரை. மேட்டில் ஒரு வீடும் கொடுத்தார்கள். முன்னால் நான்கு படி, பின்னால் குசினிக் கதவு. வந்த வாரமே தொழிலாளர்களிடம் சொல்லிவிட்டேன், எதுவானாலும் முன்வாசலுக்கே வாருங்கள் என்று.

அப்பா மட்டும் வரவில்லை. கல்யாண வீடுகளில் மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஆபீஸ் வேல" என்று பேச்சை முடித்துவிடுவாராம். அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொலையா செய்தேன், ஒளித்து வைப்பதற்கு?

கடைசியில் அம்மா நச்சரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். ஆட்டிறைச்சி சமைத்து, முன்கதவை விரியத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அம்மா படியேறி உள்ளே வந்தாள். அவரைக் காணோம். பிறகு குசினிப் பக்கமிருந்து செருமல் கேட்டது.

"அப்பா, முன்னால வாங்க."

"இருக்கட்டும்மா. செருப்பெல்லாம் சேறு."

மழை பெய்தே ஒரு வாரம் ஆகியிருந்தது. "இது என் வீடுப்பா" என்றேன். "கம்பெனி வீடு" என்று சொல்லிவிட்டு, குசினியில் கிடந்த சின்ன மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நாங்களும் அங்கேயே தட்டை வைத்துக்கொண்டோம். கறி நன்றாயிருக்கிறது என்றுகூட அவர் சொல்லவில்லை.

பாதிச் சாப்பாட்டில் முன்பக்கம் யாரோ கூப்பிட்டார்கள். நான் கை கழுவுவதற்குள் அப்பா எழுந்து கூடத்தைத் தாண்டிப் போய்விட்டார். படியில் குலை வெட்டும் இந்தோனேசியத் தொழிலாளி நின்றிருந்தான். உள்ளங்கையில் செம்பனை முள் ஏறி, மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது.

"பிலாக்காங்! பிலாக்காங்!" என்று அப்பா மலாயில் அதட்டினார். பின்னால் போ, பின்னால் போ. பிறகு என் பக்கம் திரும்பினார். "எம் மக இங்க சின்னத்தொரை. கண்டவனும் முன்வாசல்ல வந்து நிக்கிறதா?"

சின்னத்தொரை என்ற அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அதை ஒரு முறை கேட்டுவிட மாட்டோமா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். இப்போது கேட்கக் கூசியது.

அந்த ஆள் வீட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்திருந்தான். நான் இறங்கி ஓடி, அவனை முன்படி வழியாகவே கூட்டிவந்து கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அம்மா ஊசியும் வெந்நீரும் கொண்டுவந்தாள். முள் ஒடிந்து உள்ளே கிடந்தது, எடுக்க நேரமாயிற்று. அப்பா சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கப்பா" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேரமாச்சு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மேலா, அவரை இப்படி ஆக்கி வைத்த அந்தப் பழைய பங்களாமேலா என்று பிரிக்கத் தெரியவில்லை.

முன்கதவு அப்போதும் விரியத் திறந்துதான் கிடந்தது. அதற்கு இரண்டடி தள்ளி நின்றவர், குசினிக்குத் திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றி நடந்து வந்து வேனில் ஏறினார்.