ஆறு வரியும் தப்பில்லாம எழுதுன நாளு

அக்கா பாரிஸ் பக்கத்துல ஆஸ்பத்திரியில படுத்துட்டான்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து எனக்கு ஒரே குறி, பிரெஞ்சு பரீட்சை. பாஸ் பண்ணாத்தான் அங்க முதியோர் இல்லத்துல வேலை, வேலை கெடச்சாத்தான் விசா, விசா வந்தாத்தான் அக்கா பக்கத்துல போயி உக்காரலாம். அக்கா வீட்டுக்காரரு, எங்க மாமா, ரெண்டு ஷிப்டு பாக்குற மனுசன். பாவம், அவரும்தான் என்னா பண்ணுவாரு?

கிளாஸு சிதம்பரத்துல, சனி ஞாயிறு. சாயங்காலமானா போன்ல அக்காகிட்ட ஒப்பிப்பேன். அவளுக்கு இலக்கணம்லாம் சுத்தமா தெரியாது, கடைக்கும் பஸ்ஸுக்கும் போயி பேசியே கத்துக்கிட்டவ. ஆனா தப்பா சொன்னா மட்டும் 'த்சு'ன்னு ஒரு சத்தம் வரும். அதுல மானமே போயிடும்.

என் உசுர வாங்குனது பிரெஞ்சு இலக்கணத்துல ஒரு இறந்தகாலம். ஒண்ணு நடக்குறதுக்கு முன்னாடியே இன்னொண்ணு நடந்து முடிஞ்சிருந்தா, அதைச் சொல்றதுக்குன்னு தனியா வச்சிருக்கானுங்க. 'பேசு'ன்னு வச்சுக்குங்க. முன்னால இருக்குற துணைச்சொல்லு ஆளுக்கு ஏத்த மாதிரி மாறும், பின்னால 'பார்லே' மட்டும் அசையாது. ஜவே பார்லே, நான் பேசியிருந்தேன். து அவே பார்லே, நீ பேசியிருந்தே. எல் அவே பார்லே, அவ பேசியிருந்தா. அப்புறம் நாம, நீங்க, அவுங்க. மொத்தம் ஆறு வரி. நாலாவதுல, அந்த 'நூ அவியோன்'ல, நான் எப்பவும் தடுக்கி விழுவேன். அக்கா 'த்சு'ம்பா.

பரீட்சை அன்னிக்கு காலையில எங்க வீட்ல அடுப்பு பத்த வைக்கல. கடை இட்லி வந்திருந்துச்சு. "கேஸ் தீந்துபோச்சு"ன்னா அம்மா. முந்தின வாரம்தான் நானே புது சிலிண்டரு மாட்டியிருந்தேன். மூஞ்சி ஏன் வீங்கியிருக்குன்னு கேட்டா ஜலதோஷமாம். எங்கம்மா என்னைத் திட்டாம அனுப்புன நாளே கெடையாது. அன்னிக்கு என் தலைய வாரி விட்டா, முப்பத்தஞ்சு வயசு பொம்பளைக்கு.

அக்காவைக் கூப்பிடலாம்னு போனைத் தேடுனா, அண்ணன் எடுத்து பாக்கெட்டுல போட்டுக்குது. "அங்க நடுராத்திரிடி, தூங்கட்டும். ஹால்லயும் போன் விட மாட்டாங்க." சரின்னுட்டேன். தெருவுல வாசலுக்கு வாசல் ஆளு நிக்குது. நான் வர வர பேச்சு அடங்குது. எதிர்வீட்டு அக்கா தினம் "பிரான்சுக்காரி கெளம்பிட்டாப்பா"ன்னு கிண்டல் பண்ணாம விடாது. அன்னிக்கு என்னைப் பாத்ததும் உள்ள போயி கதவைச் சாத்திக்கிச்சு.

அண்ணன் என்னை பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட கொண்டு விட்ட ஆளு இல்ல. அன்னிக்கு எங்க ஊரு முதுநகர் ஸ்டேஷன்லேர்ந்து என்கூடவே ரயில் ஏறுச்சு. எங்க மாதா கோயிலுக்கு வர்ற ஒரு அம்மா அதே பெட்டியில இருந்தாங்க. எழுந்து வந்து என் நெத்தியில சிலுவை போட்டுட்டு அடுத்த பெட்டிக்குப் போயிட்டாங்க. பரீட்சைக்கு இவ்ளோ பக்தியான்னு நெனச்சேன்.

நோட்டை அண்ணன் கையில குடுத்து ஒப்பிச்சேன். "சரியா?" "சரி." வேணும்னே ரெண்டு வரிய மாத்திச் சொன்னேன். அதுக்கும் "சரி"ன்னுச்சு. "என்னா வந்துச்சு உனக்கு, பேய் அடிச்சாப்ல இருக்க?"ன்னு கத்துனேன். பரங்கிப்பேட்டையில எழுந்து போயி கதவோரம் நின்னுக்கிச்சு. சிதம்பரம் வர்ற வரைக்கும் மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பவே இல்ல.

கேள்வித்தாளைத் திருப்புனா, அதே வினை, அதே காலம். அடிச்சதுடா யோகம்! மூணு வரி மளமளன்னு எழுதிட்டேன். நாலாவதுல பேனா தானா நின்னுச்சு. எப்பவும் அந்த எடத்துல மனசுக்குள்ள அக்கா 'த்சு'ன்னுடுவா. அன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. ஃபேன் சத்தம்கூட கேக்கல. காதுக்குள்ள யாரோ கதவைச் சாத்துனாப்ல இருந்துச்சு. சொல்லவே வெக்கமா இருக்கு, பரீட்சை ஹால்ல உக்காந்துக்கிட்டு நான் பயந்தேன். அப்புறம் மிச்சத்தையும் எழுதிட்டேன், ஆறும் சரி.

திரும்பி வந்தா எங்க தெருவுல சாமியானா போட்டிருக்கு. நீல பிளாஸ்டிக் நாற்காலிங்க ரெண்டு வரிசை, எல்லாத்துலயும் ஆளு. யாரும் அழல. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. ஐயோ அம்மான்னு செருப்பைக்கூட கழட்டாம உள்ள ஓடுனேன். அம்மா சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா, உசுரோட. எனக்கு மூச்சே அப்பத்தான் வந்துச்சு.

"எப்படிம்மா எழுதுன?"ன்னா.

"சூப்பரா எழுதியிருக்கேன்மா, பாஸ்தான்"னு வாயெல்லாம் பல்லா சொன்னேன்.

அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தா போல. வாயில அடக்கி வச்சிருந்த முந்தானையை எடுத்துட்டு, "உங்கக்கா போயிட்டாடி"ன்னு வீடே அதிர்ற மாதிரி கத்துனா. வெளியில ஒரு தெரு சனமும் சேந்து அழ ஆரம்பிச்சுச்சு. விடியக்காலையிலேயே மாமா போன் பண்ணிட்டாராம். பரீட்சைக்குப் போறவ காதுல சாவு விழக்கூடாதுன்னு அம்மா வீடு வீடா போயி கையெடுத்துக் கும்பிட்டிருக்கா. நாங்க இருக்குற பக்கம் எல்லார் வீட்லயும் இப்படித்தான் மறைப்பாங்க.

எனக்கு அழுகை வரல, ஆத்திரம்தான் வந்துச்சு. அம்மா தோளைப் புடிச்சு உலுக்குனேன்.

"அவகிட்ட போறதுக்குத்தானம்மா நான் அந்தப் பரீட்சையே எழுதுனேன்!"

அம்மா அழுகைய நிறுத்திட்டு என்னைப் பாத்தா. "அது எனக்குத் தோணவே இல்லடி"ன்னா.