உசேன் பாயின் பாய்க்கப்பல்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே வேகமான கப்பல் உத்தமபாளையம் உசேன் பாய் கட்டியதுதான். லோயர்கேம்பில் பாய் விரித்தால் தேனியில் போய்த்தான் நிற்கும். நடுவில் சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றக்கூட நிற்காது. இது கொஞ்சம் ஏற்றிச் சொன்னது. கொஞ்சமென்ன, நிறையவே. ஆற்றில் முழங்கால் தண்ணீர், கப்பலோ இருபத்திரண்டு அடி. ஆனாலும், "இந்தப் பள்ளத்தாக்குல நம்ம கப்பலை முந்துனது எதுவுங் கெடையாது" என்று உசேன் பாய் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். முந்துவதற்கு இன்னொன்று இருந்தால்தானே என்று அவர் மனைவி நசீமா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இன்றைக்கு அந்தக் கப்பல் மர மில்லின் பின்பக்கம் தகரக் கொட்டகையில் கிடந்தது. மில் நின்றது வாடகை இடம். சொந்தக்காரர் அங்கே கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்; வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். அதனால் வாசலில் இரண்டு லாரிகள் நின்றன. ஒன்று தூத்துக்குடியிலிருந்து வந்தது. பழைய பந்தயப் படகுகளைப் பழுதுபார்த்து மறுபடி கடலில் விடுகிற சங்கத்துக்காரர் சுந்தரலிங்கம் கொண்டுவந்தது. இன்னொன்று செங்கல் காளவாசல் பிச்சைமணியுடையது. சுந்தரலிங்கம் வேண்டாமென்றால் கப்பல் காளவாசலுக்கு விறகு. பிச்சைமணி கோடாலியைக்கூட இறக்கி வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நசீமாவுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உள்ளுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது. உசேன் பாய் ரம்பத்துக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்படியே போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கும் அவள் அழவில்லை. துக்கம் காத்து இத்தா இருந்த அறையின் ஜன்னலில் இந்தக் கப்பலின் மூக்குதான் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே இருந்தாள். கோயம்புத்தூரிலிருந்து மகள் சாஜிதா, "அம்மா, கப்பலை வெறகாக்க மட்டும் விட்டுறாதம்மா" என்று போனில் அழுதபோது, சரி என்றாள். டீயில் படிந்த ஆடையை விரலால் எடுத்து ஓரமாக வைத்தாள்.

சுந்தரலிங்கம் கப்பலைத் தட்டிப் பார்த்தார். குனிந்து அடிமரத்தைத் தடவினார். "ஆஞ்ஞிலி மரமா?"

"ஆமா. இங்கன அயினிம்பாக. சாஜிதாவோட அத்தா சின்ன வயசுல கொச்சியில படகு கட்டுற எடத்துல வேலை பாத்தாக. வரைபடம் அங்கன உள்ளது. சட்டத்துக்குத் தேக்கு. இரும்பாணி ஒண்ணு கெடையாது, பூராம் செம்பு."

"மலைக்கு நடுவுல ஒக்காந்து பந்தயப் படகு கட்டிருக்காரு!"

"வெயில் சீசன்ல மில்லுல வேலை கம்மி. அப்பப்பக் கட்டுனாக. பன்னெண்டு வருசமாச்சு. ஊர்ல, பாய் மெக்காவுக்குக் கப்பல்லயே போகப்போறாகன்னு கேலி பேசுனாக."

"சரிம்மா, எந்தப் பந்தயத்துல ஓடிச்சு?"

நசீமா கப்பலின் விளிம்பில் படிந்திருந்த மரத்தூளைத் துடைத்தாள்.

"ஓடாத படகை எங்க சங்கத்துல எடுக்கிறதில்லம்மா. ஒரு பந்தயமாவது ஓடியிருக்கணும். தோத்திருந்தாலும் சரி. எதிர்ல இன்னொரு படகு வந்திருக்கணும், அவ்வளவுதான்."

"தண்ணியில எறங்குனது ஒரே ஒரு தடவை. ஊருக்கு மேற்க கண்மாயில."

சுந்தரலிங்கம் மணலில் உட்கார்ந்தார். பிச்சைமணி டீ கிளாஸைக் கீழே வைத்தார். சோறு கொதித்துவிட்டது என்று சொல்வதுபோலத்தான் நசீமா அதைச் சொன்னாள்.

கப்பல் முடியும் தறுவாயில் உசேன் பாய் பித்தளைச் சாமான் வாங்கக் கொச்சிக்குப் போயிருந்தார். அங்கிருந்து போன். "நசீமா, பாய் மட்டுந்தான் பாக்கி. அங்கனயே ஆள் புடிச்சுத் தைக்கச் சொல்லிரு. பதினெட்டு அடி நீளம், அடியில ஒம்போது அடி அகலம், போகப் போகக் கூரா இருக்கணும்." நசீமாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இத்தனை வருஷம் கட்டிய மனுஷன், அதில் படுத்துத் தூங்க ஆசைப்படுகிறார். கப்பலின் மூக்கு கூராக இருக்கிறது. அதுவரைக்கும் விரிக்கத்தான் கூர். தேனிக்குப் போய்க் கோரைப்பாய்களாக வாங்கினாள், சிவப்புக்கரை போட்டதாகப் பார்த்து. பந்தல்காரரைக் கூப்பிட்டுச் சாக்கு ஊசியால் ஒன்றோடொன்று தைக்கச் சொன்னாள்.

திரும்பி வந்த உசேன் பாய் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். நசீமா விஷயம் புரிந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவரோ, "ஏன்டி, அந்தக் காலத்துல கோரையத்தான ஏத்திருப்பாக? பேரே பாய்தான!" என்று தூக்கிப் பாய்மரத்தில் கட்டிவிட்டார்.

"அதைக் கட்டிக்கிட்டா எறங்கினீங்க?" சுந்தரலிங்கத்தின் புருவம் மேலே போயிருந்தது.

"ஆடி மாசம். டிராக்டர்ல வச்சுக் கொண்டு போனாக. என்னையும் ஏத்தி உக்கார வச்சாக. எனக்கு முன்னால பாய்தான். செவப்புக் கரையும் கோரையுந்தான் தெரிஞ்சுச்சு. காத்து அடிச்ச அடியில காதே கேக்கல. அப்பறம் கரையில முட்டி நின்னுச்சு. 'மொத ஆளா வந்துட்டோம் நசீமா'ன்னாக. எறங்கினேன். பாய் கிழிஞ்சிருச்சு. துணியில தச்சு மறுவருசம் விடலாம்னாக. அந்த வருசம் மகளுக்குக் கல்யாணம். அப்பறம்… அவ்வளவுதான்."

"வேற படகு?"

"கண்மாயில ஏதுங்க வேற படகு? தனியா போச்சு, தனியா நின்னுச்சு."

சுந்தரலிங்கம் எழுந்து மணலைத் தட்டிவிட்டார். "மன்னிச்சிருங்கம்மா. நல்ல வேலைப்பாடு. ஆனா…"

"வார்னிஷ் போட்ட கட்டை, நின்னு எரியும்" என்று பிச்சைமணி எழுந்து கோடாலியை எடுத்தார். நசீமா அந்தக் கோடாலிக் காம்பைப் பார்த்தாள். வேம்பு. நல்ல கடைசல். வேறொன்றும் தோன்றவில்லை.

மூலையில் மரத்தூளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த அன்னத்தாய், மில் தொடங்கிய நாளிலிருந்து அங்கே வேலை பார்ப்பவள், சாக்கைப் போட்டுவிட்டு வந்தாள்.

"ஏலே பிச்சைமணி, கோடாலியக் கீழ வையி. அக்கா, தனியாவா போச்சு?"

"பின்ன?"

"எங்க வீட்டுக்காரரு அன்னிக்குக் கண்மாயில மீன் குத்தகைக்குப் பரிசல் தள்ளிக்கிட்டு இருந்தாருல்ல. 'வர்றியா, அக்கரைக்கு யார் முந்துறதுன்னு பாப்பம்'னு சவால் விட்டதே பாய்தான். கரை பூராம் சனம். நாந்தான் துண்டை ஆட்டி விட்டேன்."

நசீமா அவளையே பார்த்தாள். "எனக்குத் தெரியாதே."

"ஒனக்கு முன்னால பாய் மறைச்சிருச்சுல்ல! தோத்துப் போயி, 'நசீமாகிட்ட மட்டும் சொல்லிப்புடாத அன்னத்தாயி, அவ தச்ச பாயாலதான்னு மருகுவா'ன்னு கேட்டுக்கிட்டாக. அதான் இம்புட்டு நாளும் வாயத் தொறக்கல."

நசீமாவுக்கு எங்கிருந்தோ கோரை வாசம் அடித்தது. கன்னத்தில் ஓர் இடம் சுருக்கென்றது, ஊசியின் மரப்பு விட ஆரம்பித்த மாதிரி.

சுந்தரலிங்கம் தன் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "வண்டியப் பின்னால எடுப்பா! கயித்த எறக்கு!" பிறகு நசீமாவிடம் திரும்பி, பரீட்சை வைக்கும் வாத்தியார்போலக் கேட்டார். "எவ்வளவு தூரத்துல தோத்துச்சும்மா? சங்கத்துல கேப்பாங்க."

நசீமா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எதையும் பார்க்காதவள், எல்லாம் பார்த்தவள்போல நிமிர்ந்தாள்.

"ஒரு முழம்" என்றாள். "சாண் கூடக் கொறைய இருக்கும்."

"ஒரு மொழமா?" என்றாள் அன்னத்தாய். "எக்கா, எங்க வீட்டுக்காரரு கரையேறி, பரிசலைக் கவுத்து வச்சு, பீடியப் பத்த வச்சுக் குடிச்சு முடிச்ச பெறகுதான் நீங்க ரெண்டு பேரும் வந்தீக."