காது தெரிய ஒரு போட்டோ

போன ஆடியில் எங்கள் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட்காரர் மாறினார். அவர் மாறினால் எங்கள் கழுத்தில் தொங்கும் கார்டும் மாறும். ஒரகடத்தில் காருக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி அது. அங்கே கேன்டீனில் மேஜை துடைக்கிறேன், தரை கூட்டுகிறேன். ஏழு வருஷம் ஆகிறது. நான் துடைத்த மேஜையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

புதுக் காண்ட்ராக்ட்காரரின் ஆபீஸிலிருந்து ஒரு தம்பி வந்து, கேன்டீனின் வெள்ளைச் சுவர் ஓரம் ஒவ்வொருவராக நிற்கவைத்துப் போனில் போட்டோ எடுத்தார். என் முறை வந்தது.

"பாயம்மா, தலைத்துணிய எடுத்துடுங்க. ரெண்டு காதும் தெரியணும்."

"மூஞ்சி முழுசா தெரியுதே தம்பி."

"காது தெரியலன்னா கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா. அஞ்சு நிமிஷம் எடுங்க, அப்புறம் போட்டுக்குங்க."

எனக்குப் பின்னால் நின்றவள் பாத்திரம் கழுவுகிற பகுதியில் வேலை செய்கிறவள். பக்கத்து ஊர்க்காரி. அவர்கள் வீட்டு நெல் வயலில்தான் இப்போது லாரிகள் வரிசையாக நிற்கின்றன. வாய் கொஞ்சம் நீளம்.

"அக்கா காதுல கம்மல் கூட இல்ல. அத்தப் பாத்து இன்னா பண்ணப் போற? பொண்ணு பாக்க வந்துகீறியா நீ?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் தம்பியும் சிரித்தார். ஆனால் போட்டோ எடுக்கவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நகர்ந்துவிட்டேன்.

கார்டு இல்லாதவர்களுக்குக் காகிதச் சீட்டுதான். சூப்பர்வைசர் வந்து கையெழுத்துப் போடும்வரை கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டும். பஸ் எங்களை ஆறேகாலுக்கு இறக்கிவிடும். அவர் ஏழு மணிக்கு வருவார். நான்கு நாள் அப்படி நின்றேன். உட்கார அங்கே கல் கூடக் கிடையாது. லாரி போகிற புழுதியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். நான்காம் நாள் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், சனிக்கிழமையோடு சீட்டு முடிகிறது, திங்கட்கிழமை கார்டு இல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று.

என் மகன் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் பாகம் பூட்டுகிற லைனில் நிற்கிறான். அவனிடம் சொன்னேன்.

"அஞ்சு நிமிஷம்தானேம்மா? எடுத்துட்டுப் போட்டுக்க வேண்டியதுதானே?"

அவனுக்கும் அதே ஐந்து நிமிஷம். எடுக்கிறதுதான் ஐந்து நிமிஷம். எடுத்த போட்டோ பிறகு என் நெஞ்சில் தொங்கும். தலையில் முக்காடு, நெஞ்சில் வெறுந்தலை. அதைத் தொங்கவிட்டுக்கொண்டு இத்தனை ஆண்பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் தினமும் நடக்கவேண்டும். இதை மகனுக்கு எப்படிச் சொல்வது? ஆதார் அட்டையில் முக்காட்டோடுதான் இருக்கிறேன். அரசாங்கத்துக்கு அது போதும். இங்கே போதவில்லை.

இந்தத் துணியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து லைனில் வேலை செய்கிற பெண்பிள்ளைகள் தட்டை வைக்கும்போது கேட்பார்கள்: "வீட்ல போடச் சொல்லுதாவளா பாட்டி? வேர்க்காதா?" வேர்க்கும் என்பேன். அல்லா சொல்லியிருக்கிறான் என்பேன். அதுவும் உண்மைதான். அந்தப் பிள்ளைகளும் லைனில் முடி விழக்கூடாது என்று தலை முழுக்கத் தொப்பி போட்டிருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் புழுதிக்குப் பயந்து கண் மட்டும் தெரிய துப்பட்டாவைச் சுற்றிக்கொள்கிறார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை.

முழு உண்மை வேறு. வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் ஸ்கார்ஃப் கட்டியவளே இல்லை. புடவைதான். பள்ளிவாசல் பாங்கு சத்தம் கேட்டால், பெரியவர்கள் எதிரே வந்தால், கை தானாக முந்தானையை இழுத்துத் தலையில் போடும். வெயிலுக்கு எல்லாப் பெண்களும் அப்படித்தான் போட்டுக்கொள்வார்கள். அதனால் என்னை யாரும் தனியாகப் பார்த்ததில்லை. கம்பெனியில் சேர்ந்த அன்று, தள்ளுவண்டிச் சக்கரத்தில் புடவை மாட்டும் என்று சொல்லிவிட்டு, துப்பட்டா இல்லாத சுடிதாரும் மேலே ஒரு கோட்டும் கொடுத்தார்கள். முந்தானை போய்விட்டது.

ஒரு மாதம் வெறுந்தலையோடு வேலைக்குப் போனேன். வானம் இடிந்து விழவில்லை. அப்போது என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தார். அவர் கவனிக்கக்கூட இல்லை. ஜமாத்திலிருந்தும் யாரும் வந்து கேட்கவில்லை. மதியம் பாங்கு சொல்லும்போது என் கை மட்டும் தோளுக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும். நாலு பேர் நடுவில் அப்படி நிற்க எனக்கே வெட்கமாக இருக்கும். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குப் போய்ச் சாம்பல் நிறத்தில் இரண்டு துணி வாங்கினேன். சுடிதார் அவர்கள் கொடுத்தது, கோட்டு அவர்கள் கொடுத்தது, ஷூ அவர்கள் கொடுத்தது. இது மட்டும் நான் வாங்கியது. என் மகள் போடுவதில்லை. போடு என்று நான் அவளிடம் சொன்னதும் இல்லை.

சனிக்கிழமை அந்தத் தம்பி மறுபடி வந்தார். பாத்திரக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"இப்பிடி நின்னுக்கினே இருந்தா உன் முட்டிதான் போவும். நடவுல தலைக்கு கட்டுவோமே, அந்தக் கட்டு கட்டறேன். காது மட்டும் வெளிய வரும். வந்தா பாவமாக்கா?"

"தெரியல. முடி தெரியக் கூடாது."

"செரி."

காதும் மறைய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இனியும் கேட்டில் நிற்கத் தெம்பில்லை. காதைக் கொடுத்தேன். முடியைக் கொடுக்கவில்லை. அவள் துணியைக் காதுக்குப் பின்னால் இழுத்துப் பிடரியில் முடிச்சுப் போட்டாள். ஏழு வருஷமாக என் பக்கத்தில் நின்று வேலை செய்கிறாள். ஏன் கட்டுகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

"இறுக்கிட்டனாக்கா?" என்றாள்.

"இல்ல, இருக்கட்டும்."

"நாத்து நட வந்தவ மாதிரியே கீற. கூலி கேட்டுடப் போற."

தம்பி போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இந்தக் காது, அந்தக் காது என்று எண்ணுகிறவர் மாதிரி பார்த்தார். எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரும் ஏற்றுக்கொண்டது.

திங்கட்கிழமை கார்டு வந்தது. இப்போது கேட்டில் யாரிடமும் காட்டவேண்டியதில்லை. ஒரு பெட்டி இருக்கிறது, அதன்மேல் கார்டை வைத்தால் பச்சை விளக்கு எரிகிறது, போகலாம். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற செக்யூரிட்டி விளக்கைத்தான் பார்க்கிறார். என் போட்டோவை இன்றுவரை யாரும் பார்த்த மாதிரித் தெரியவில்லை. நானும் அதைப் பார்க்காமல், வரிசை நகர்கிறதே என்று உள்ளே போய்விடுகிறேன்.