சின்னம்மாவின் புது முழங்கால்

இரண்டு நாளைக்கு முன் ஹட்டன் பஸ்ஸில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிப்பவராம். புகழப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சார், உங்க சின்னம்மாவுக்கு முழங்கால் மாத்தினாங்களாமே... என்ன வகை போட்டாங்க? எங்க அம்மாவுக்கும் டாக்டர் சொல்லிட்டாரு. எதைப் போட்டா சீக்கிரம் நடக்கலாம்?"

நியாயமான கேள்வி. சில மாதங்களுக்கு முன் நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன்.

சின்னம்மா – அம்மாவின் தங்கை – அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர். மலை ஏறி இறங்கியே வலது முழங்கால் தேய்ந்து போனது. கடைசியில், குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இருக்கும் கக்கூசுக்குப் போகக்கூட யாராவது கையைப் பிடிக்க வேண்டும் என்ற நிலை. வலியைவிட அதுதான் அவருக்குப் பெரிய துக்கம்.

ஆபரேஷன் என்று முடிவானதும் அவர் மகன் செல்வமும் நானும் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டோம். உள்ளே வைக்கும் பிளாஸ்டிக் அசையாமல் இருப்பது ஒரு வகை. கொஞ்சம் சுழன்று கொடுப்பது இன்னொரு வகை. அதிகம் மடங்கும் என்று விளம்பரம் செய்வது வேறொன்று. ஜேர்மனியா, அமெரிக்காவா? பிரிட்ஜ் வாங்கும்போதுகூட நாங்கள் இவ்வளவு யோசித்ததில்லை.

கண்டியில் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் கேள்விகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சின்னம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்களுக்கு முழங்கால் என்னத்துக்கு வேணும்?"

என்ன கேள்வி இது? ஆனால் சின்னம்மா யோசிக்கவே இல்லை.

"யாரு கையையும் புடிக்காம கக்கூசுக்குப் போயிட்டு வரணுங்கய்யா. அது போதும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "எலும்பையும் சவ்வையும் பார்த்து எது பொருந்துமோ அதை நான் போடுறன். எல்லா மாதிரியிலயும் ஆக்கள் நல்லா நடக்கினம். ஆனா பயிற்சி செய்யவேணும். குந்தக் கூடாது... வீட்டில கொமட் ஒண்டு வையுங்கோ."

செல்வமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜேர்மனி வரை போன எங்களுக்கு வீட்டுக் கக்கூஸ் ஞாபகம் வரவில்லை!

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கொமட்டும் வைத்தாயிற்று. சின்னம்மா வாக்கரோடு வீடு வந்தார். லயம் என்பது தெரியுந்தானே... ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. ஒருவர் படுத்துவிட்டால் மற்ற வீட்டு அடுப்புகள் அவருக்கும் சேர்த்து எரியும். பக்கத்துக் காம்பரா ராஜேஸ்வரி தலைமையில் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள்.

"நீங்க எந்திரிக்காதீங்கக்கா! நாங்க எதுக்கு இருக்கோம்?"

தேத்தண்ணி கட்டிலுக்கு வந்தது. சோறு வந்தது. வெந்நீர் வந்தது. எழுந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு பக்கமும் ஆள். பயிற்சிக்குக் காலை மடக்கி, சின்னம்மா லேசாக முனகினால் போதும் – "வேணாம், விடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ஒரு கூட்டமே உருகியது.

அடுத்த முறை டாக்டரிடம் காட்டியபோது கால் மடங்கவில்லை.

செல்வத்தின் முகம் வாடிவிட்டது. "அண்ணே, அந்த மத்த வகையையே கேட்டிருக்கலாமோ?"

டாக்டருக்கும் அது கேட்டுவிட்டது. "சாமானில ஒரு பிழையும் இல்லை. இப்பிடியே விட்டா மயக்க மருந்து குடுத்துத்தான் மடக்க வேண்டி வரும்" என்றவர், கூட வந்திருந்த ராஜேஸ்வரியைப் பார்த்தார். "வீட்டில அம்மாவுக்கு ஆர் எல்லாம் செய்யிறது?"

"நாங்கதாங்கய்யா" – ராஜேஸ்வரி பெருமையோடு சொன்னார்.

"அப்ப நீங்கள்தான் நிப்பாட்ட வேணும்."

வீடு வரும் வழியெல்லாம் ராஜேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார் என்றுதான் நினைக்கிறேன். அன்பைக் குற்றம் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது?

மறுநாள் காலை கட்டிலுக்குத் தேத்தண்ணி வரவில்லை.

"ராஜேசு! தேத்தண்ணி எங்கடி?"

"எங்க வாசல்ல இருக்குக்கா. வந்து குடிங்க."

சின்னம்மா திட்டிய திட்டை அச்சில் போட முடியாது. ஆனால் தேத்தண்ணி இல்லாமல் எவ்வளவு நேரம் இருப்பது? வாக்கரைத் தள்ளிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போனார். நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கிக் காட்டிய பிறகுதான் கோப்பை கைக்கு வந்தது. கொஞ்ச நாளில் தேத்தண்ணி அடுத்த காம்பராவுக்கு நகர்ந்தது. அப்புறம் அதற்கும் அடுத்தது... லயமே கூடிப் பேசிச் செய்த சதி.

போன ஞாயிறு போயிருந்தேன். கட்டில் காலி. பதறிப்போய்ப் பின்பக்கம் ஓடினேன். சின்னம்மா கக்கூஸ் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு தடி. பக்கத்தில் யாரும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"கைய எடு தம்பி" என்றார். "தேத்தண்ணி வேணும்னா கடைசி காம்பராவுக்கு நட."

பஸ்ஸில் கேட்டவருக்கு இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. "அப்போ எந்த வகை சார்?" என்றார், படியில் நின்றபடி.

அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்... நீங்கள் தேத்தண்ணியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்!