சூசை அடித்த இரண்டு புள்ளிகள்

மெக்கானிக் சூசை இறந்துவிட்டார் என்று அருப்புக்கோட்டை கார் ஸ்டாண்டில் சொன்னார்கள். “யாரு பாத்தது?” என்று கேட்டேன். “ஏன் அண்ணாச்சி, சாவுலயுமா சந்தேகம்?” என்று டிரைவர் மாரி சிரித்தான். பாளையம்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போய், பெட்டிக்குள் கிடந்தவரின் கறுத்த கட்டைவிரல் நகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

சூசையிடம் வண்டி விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்து வருடமாக அவரை நான் திருடன் என்று சொல்லிவந்தது உங்களுக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில், திருச்சுழிக்கு வாடகை ஓட்டிய என் பழைய பிளசர் காரின் எஞ்சின் முன்பக்கத்தில் கரகரத்தது. டைமிங் செயினா என்று கேட்டேன். “சத்தத்தக் கேட்டு செயின மாத்துறவன் மெக்கானிக் இல்ல, ஜோசியக்காரன்” என்றார் சூசை. பிளக்குகளைக் கழற்றினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்துவிட்டு, உள்ளே அந்தச் செயின் இழுப்பில் சுற்றும் ரோட்டரைப் பார்க்கச் சொன்னார். ஃபேன் பெல்ட்டைப் பிடித்து எஞ்சினை முன்னுக்குத் திருப்பி, மெல்லப் பின்னுக்கு இழுத்தார். கொஞ்ச தூரம் எஞ்சின் மட்டும் திரும்பியது, ரோட்டர் அசையவில்லை. அந்த இடைவெளியின் இரண்டு முனையிலும், பெல்ட் ஓடும் புல்லியில் பஞ்ச் உளி வைத்துப் புள்ளி அடித்தார்.

“இந்த ரெண்டுக்கும் நடுவுல ரோட்டர் தூங்குது அண்ணாச்சி. செயின் அவ்வளவு தேஞ்சிருக்கு.”

எனக்கு யாரும் தொழில் சொல்லித் தரவில்லை. கழற்றிக் கழற்றித் தெரிந்துகொண்டவன். இன்னொருவர் சொன்னதும் ஒப்புக்கொள்வேனா? வீட்டில் எஞ்சினின் முன்மூடியை நானே திறந்தேன். செயினின் ஒரு கண்ணியில், அடையாளத்துக்கு, பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட்டைத் தடவி மூடினேன். சூசைக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டே வண்டியை அவரிடம் விட்டேன்.

புதுச் செயின் மாட்டிப் பழையதைக் கையில் கொடுத்தார். நீலம் இல்லை. ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

“ஏலே, இது என் செயின் இல்ல. என் நல்ல செயின அமுக்கிட்டு எவனோட தேஞ்ச செயினையோ தர்ற. நான் அடையாளம் வச்சிருந்தேன்.”

“என்ன அடையாளம்னு சொல்லுங்க அண்ணாச்சி.”

“சொன்னா அதே மாதிரி செஞ்சு கொண்டாந்துருவ.”

“சரி, இதையே திரும்ப மாட்டுறேன். என் புள்ளியில நிக்குதான்னு நீங்களே பாருங்க.”

“உன் வித்தையெல்லாம் வேற ஆள்கிட்ட காட்டு.”

அதன் பிறகு ஸ்டாண்டுக் கார்கள் அவர் பட்டறைக்குப் போவது குறைந்தது. என் வார்த்தைதான் காரணம். அப்போது அது எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி ஆரோக்கியம் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “அந்த அடையாளம் என்னங்க? ஆஸ்பத்திரியில கிடக்கும்போதும் அதையே கேட்டாக” என்றார். நான் டவுன் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

மறுநாள், சாட்சிக்கென்று பொதிந்து வைத்திருந்த பழைய செயினை எடுத்தேன். இன்னும் என்னிடமே இருக்கும் அந்தப் பிளசர் காரின் முன்மூடியைத் திறந்து அதை மாட்டினேன். சூசை செய்தபடியே பெல்ட்டைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினேன். ரோட்டர் தூங்கியது முதல் புள்ளியிலிருந்து இரண்டாம் புள்ளி வரை. மயிரிழைகூடப் பிசகவில்லை. இன்னும் நான்கு தடவை திருப்பிப் பார்த்தேன். அதே இடம். வேறு செயினென்றால் அப்படி நிற்காது.

சுடுகிற எஞ்சின் எண்ணெயில் கொம்புப் பெயின்ட் ஒரு வாரம் நிற்குமா? வாய்விட்டுச் சொல்லியிருந்தால் சூசை அன்றைக்கே சிரித்துச் சொல்லியிருப்பார்.

நான் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவன். ஆனால் ஸ்டாண்டில் சத்தமாகச் சொன்னதை இங்கே சத்தமாகவே திருத்துகிறேன்: அது என் செயின்தான். சூசை மாற்றவில்லை.

அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது புல்லியில் இரண்டு புள்ளிகளும், பத்து வருடம் பதில் சொல்லாமல் வைத்திருந்த ஒரு கேள்வியும்தான். புள்ளிகளை வைத்துக்கொள்கிறேன். கேள்விக்குப் பதில்: நீலப் பெயின்ட், சூசை. மாட்டுக் கொம்புக்கு அடிப்பது.