சேஃப்டி ஷூ போட்ட வேட்பாளர்

வடக்குப்பட்டு ஜீவானந்தத்துக்கு இரண்டு வேலை. பகலில் ஒரகடத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது, மாலையில் ஊர்க்காரர்களோடு மல்லுக்கு நிற்பது. இரண்டாவது வேலை ஒரு மாதமாகத்தான். அவன் மனைவி சசிரேகா வார்டு உறுப்பினர் தேர்தலில் நின்றிருந்தாள்.

எல்லாம் தெருமுனைக் கால்வாயால் வந்தது. அதிலிருந்த குழாய் குறுகல். நாலு தூறல் விழுந்தால் போதும், தண்ணீர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குழாயைப் பெயர்த்துப் பெரிதாகப் போட வேண்டும். ஐந்து வருஷம் உறுப்பினராக இருந்த வரதராஜுலு, "பாத்துக்கலாம்" என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார். மனு எழுதிக் கை வலித்த சசிரேகா, "நானே நிக்கிறேன்" என்று இறங்கிவிட்டாள்.

ஊர் ஜனங்கள் கால்வாயைப் பற்றியா பேசினார்கள்?

"உன் வூட்டுக்காரி சிரிக்கவே மாட்டாளே ஜீவா" என்றாள் இட்லிக்கடை கிளியம்மாள்.

"வரதராஜுலு இன்னா கலரு, இன்னா ஒசரம்!" என்று உருகினார் எதிர்வீட்டு நடேசன்.

சசிரேகாவுக்கும் கம்பெனி வேலைதான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சேஃப்டி ஷூவோடு அப்படியே ஓட்டுக் கேட்கப் போவாள். அதற்கும் ஒரு பஞ்சாயத்து. பொம்பளைக்கு எதுக்கு பூட்ஸு என்று தெருவே முகவாயில் கை வைத்தது.

"கால்வா தூர்வார்றதுக்குக் கலரு எதுக்குய்யா? பொண்ணு பாக்கவா வந்துகீறீங்க?" என்று ஜீவானந்தம் தொண்டை கட்டும்வரை கத்தினான்.

வீட்டுக்கு வந்தும் அவன் புலம்பல் ஓயவில்லை. ஷூவைத் துடைத்துக்கொண்டே சசிரேகா கேட்டாள்.

"போன தடவ நீ யாருக்குய்யா போட்ட?"

"வரதராஜுலுக்கு."

"எதுக்கு?"

"வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு நடந்தா ஒரு கெத்து கீது..."

சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. வெட்கம் காதுவரை ஏறியது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? மறுநாள் படப்பைக்குப் போய் ஜிகினா வைத்த செருப்பு ஒன்று வாங்கி வந்தான். கண்ணாடி முன்னால் அவளை நிறுத்திச் சிரிக்கப் பழக்கினான். அவள் சிரித்தது பல்வலிக்காரி மருந்து கேட்பதுபோல் இருந்தது.

"வுட்ரு தாயே" என்று கும்பிட்டுவிட்டான்.

பிரச்சாரத்தின் கடைசி நாள் மழை கொட்டியது. சசிரேகா காலிலிருந்த ஜிகினாச் செருப்பு கிளியம்மாள் கடை வாசலிலேயே வார் அறுந்து தண்ணீரோடு போனது. அவள் நேரே வீட்டுக்கு நடந்தாள், ஷூவை மாட்டினாள், கால்வாய்க்குள் இறங்கினாள். கம்பெனிகளிலிருந்து அடித்து வந்த தெர்மாகோலும் பிளாஸ்டிக் கவரும் குழாயை அடைத்திருந்தன. அவள் இழுத்துப்போடப் போட, ஜீவானந்தம் வாரி வெளியே எறிந்தான். அரை மணியில் தண்ணீர் வடிந்தது. கிளியம்மாள் அடுப்பு அன்று அணையவில்லை. தெருவே குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

ஓட்டு எண்ணினார்கள். சசிரேகா ஒன்பது ஓட்டில் ஜெயித்தாள். நடேசன் வாங்கி வந்த ஆயிரம்வாலா நனைந்திருந்ததோ என்னவோ, விட்டுவிட்டு வெடித்தது. ஜீவானந்தத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஆரத்தி எடுக்க வந்த கிளியம்மாளை நிறுத்தி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டான்.

"அக்கா, அவ கால்வால எறங்குனதப் பாத்துதானே போட்ட?"

"அதெல்லாம் யாருப்பா பாத்தா! அந்த பூட்ஸு போட்டுக்கினு நடக்கறப்போ போலீஸு மாரி கெத்தா கீறா. அதான் எங்க தெரு மொத்தமும் போட்டுட்டோம்."

ஜீவானந்தம் தலையில் அடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததும் சசிரேகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அடியே, இந்தச் சிரிப்ப முன்னாடியே காட்டியிருந்தா இன்னும் அம்பது ஓட்டு சேந்து வந்திருக்குமே!" என்றாள் கிளியம்மாள்.

ஜீவானந்தம் திரும்பிப் பார்த்தான். சசிரேகா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை தேர்தல் வைத்தால், கால்வாயாவது ஒன்றாவது, இந்தச் சிரிப்புக்கே போட்டுவிடலாம் என்று அவனுக்கும் தோன்றிவிட்டது.