ராக்கம்மா அக்காவின் முதுகும் கம்ப்யூட்டரும்

போன வாரம் முதுகுவலி என்று ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். சின்ன வயது பெண் டொக்டர். ஏதோ ஒரு கருவியை என் முதுகுக்கு நேராக இரண்டு விநாடி பிடித்தார். அவ்வளவுதான், திரையில் என் முதுகு வந்துவிட்டது. வெறும் போட்டோ இல்லை. விரலால் தள்ளினால் சுற்றுகிறது, கவிழ்கிறது, பக்கவாட்டில் திரும்புகிறது...

“அன்ட்டி, உங்க முதுகு கொஞ்சம் கோணல். முன்னமே தெரியுமா?” என்றார்.

தெரியுமாவா? எனக்கு மட்டுமா தெரியும்? ஒரு தோட்டத்துக்கே தெரியும். வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ் ஒன்றில் அச்சிலேயே வந்திருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஹட்டனுக்கும் கினிகத்தேனைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். வயது இருபத்திமூன்று. இங்கிலீஷ் தெரியும், சிங்களமும் வரும். அதனால் தோட்டத்துக்கு யார் வந்தாலும் மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை ஆளனுப்பினார். போனால், பங்களா வாசலில் ஒரு பழைய வேன். பக்கத்தில் ஒல்லியாக ஒருவர். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், பெயர் நிமல்; ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவோம். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். பொருள்களின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மேடு பள்ளத்தோடு வரையவைப்பது அவருடைய ஆராய்ச்சி. அதுவரை களிமண் பானை, செருப்பு, மாங்காய் எல்லாம் வரைந்து பார்த்துவிட்டாராம்.

“இப்போது முதுகு வேண்டும். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி முதுகில் சுமக்கிறார்களே, அந்தப் பெண்களின் முதுகு. கூடை முதுகை வளைக்கிறது என்று நினைக்கிறேன். நாற்பது முதுகு கிடைத்தால் நிரூபித்துவிடுவேன்.”

கடையில் நாற்பது தேங்காய் கேட்கிற மாதிரி கேட்டார்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் விஷயத்தைச் சொன்னேன். முதலில் ராக்கம்மா அக்காதான் கேட்டார். நாற்பது வயசிருக்கும். அந்த மலையில் அவரை விட வேகமாகக் கொழுந்து பறிக்க ஆள் கிடையாது. அவரை விட வேகமாகப் பேசவும்.

“எதுக்கு டீச்சர் முதுகப் படம் புடிக்கிறாங்க? எங்க மூஞ்சி நல்லா இல்லையாமா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை.

“கோணலா இருந்துச்சுன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்களா?”

நிமல் சேரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் அதிர்ந்துதான் போனார். அப்படி ஒரு பயம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. “யார் பெயரும் எழுத மாட்டேன். வெறும் நம்பர்தான். எது யாருடைய முதுகு என்று துரைக்கும் தெரியாது” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

ராக்கம்மா அக்கா யோசித்தார். “சரி. அப்போ நீங்க மொதல்ல காட்டுங்க டீச்சர். நாங்க பின்னால வாறோம்.”

மாட்டிக்கொண்டேன்.

வேலை நடந்தது பிள்ளை மடுவத்தில் — தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்கிற கட்டடம் அது. பொல்பிட்டிய மின்நிலையத்திலிருந்து வருகிற மின்கம்பி, தொழிலாளர் குடியிருக்கிற எங்கள் லயங்களுக்கு மேலேயேதான் போனது; ஆனால் லயத்துக்குள் இறங்கியதில்லை. அதனால் பெக்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்து வந்தார்கள். ஜன்னல்களையும் வாசலையும் கம்பளியால் மூடி இருட்டாக்கினார்கள். பட்டப்பகலில் செயற்கை இரவு. தொட்டில் குழந்தைகள் எல்லாம் ஒழுங்காகத் தூங்கின. ஆராய்ச்சியின் முதல் பலன்.

கருவி என்ன தெரியுமா? ஒரு மரச்சட்டம். அதில் கறுப்பு நூலை நெருக்கமாகக் கட்டியிருந்தார், தறியில் பாவு கட்டுகிற மாதிரி. அதை முதுகுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு ஓரத்திலிருந்து விளக்கடிக்க வேண்டும். நூலின் நிழல் முதுகில் விழும். நூலும் நிழலும் கலந்து வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும், வெட்டிய மரத்தில் தெரிகிற மாதிரி. ஒவ்வொரு வளையமும் ஒரு உயரம். அதைப் போட்டோ எடுத்து, வளையங்களை அளந்து, எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால்... அது பேனாவால் முதுகை வரைந்து தரும்.

எல்லாம் சரி. முதுகைக் காட்ட வேண்டுமானால் சட்டையைக் கழற்ற வேண்டுமே? இங்கிலாந்து வரை போய்ப் படித்தவர் அதை யோசிக்கவே இல்லை. “எனக்கு அது வெறும் மேற்பரப்புதான்” என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். ராக்கம்மா அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அவருக்கு அப்படி இருக்கலாம் டீச்சர். எங்களுக்கு முதுகு. அவர வெளிய நிக்கச் சொல்லுங்க. சட்டைய முன் பின்னா மாத்திப் போட்டுக்கிறோம். பட்டன் பின்னால வந்துரும். தொறந்து காட்டிட்டுப் பூட்டிக்கலாம்.”

இவ்வளவுதான். நிமல் சேர் கம்பளிக்கு வெளியே நின்று, எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். கெமராவுக்குப் பின்னால் நான். முதல் முதுகு என்னுடையது என்பதால், அந்தப் போட்டோவை மட்டும் ராக்கம்மா அக்கா எடுத்தார். எடுத்துவிட்டு, “வலிச்சுதா?” என்று கேட்டார். நாற்பது பேரும் முடிய மூன்று நாள் ஆனது. ராக்கம்மா அக்கா பதினாலாம் நம்பர்.

ஒன்றரை மாதம் கழித்து நிமல் சேர் ஒரு சுருள் காகிதத்தோடு வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

மடுவத்துச் சுவரில் வரிசையாக ஒட்டினார். ஒவ்வொன்றும் வலை பின்னின மாதிரி ஒரு முதுகு. தோள் ஒரு மேடு, நடுவில் ஓடை, இடுப்பில் பள்ளம். “நம்ம மலை மாதிரியே இருக்கு” என்று யாரோ சொன்னார்கள். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. ஆனால் எல்லாம் நேராக இருந்தன. அநேகமாக எல்லாமே.

ஒன்று மட்டும் நல்ல கோணல். ஒன்றாம் நம்பர்.

வாழ்க்கையில் ஒருநாள்கூடக் கூடை தூக்காத டீச்சர்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனால், பின்வரிசையில் இருந்தவர்கள் பைபிளைப் பார்க்கவில்லை... என் முதுகைத்தான் பார்த்தார்கள். இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

துரைக்குப் பரம திருப்தி. “பார்த்தீர்களா? கூடையால் ஒன்றும் ஆகவில்லை. சும்மா முதுகுவலி முதுகுவலி என்று சாக்குச் சொல்கிறார்கள்.”

இதை நான் மொழிபெயர்த்திருக்க வேண்டாம். ஆனால் மொழிபெயர்த்தேன். ராக்கம்மா அக்கா எழுந்து தன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். சத்தம் போடவில்லை.

“டீச்சர், இது காலையில புடிச்சது. தூங்கி எந்திரிச்சு வந்த முதுகு. கூடையே தூக்காம நின்னோம். அது நேராத்தான் இருக்கும். நாலு மணிக்கு, கூடைய எறக்குன கையோட புடிக்கச் சொல்லுங்க. அப்ப இருக்கிறதுதான் எங்க முதுகு.”

சொன்னேன். நிமல் சேர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். “அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள். மெதுவாக” என்றார். எழுதிக்கொண்டார்.

அப்புறம் நடந்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும், முதுகு பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் போட்டோ எடுக்க வேண்டும். நூறு எண்ணி முடிப்பதற்குள். தராசிலிருந்து மடுவம் வரைக்கும் பெண்கள் ஓடினார்கள். கங்காணி கூடவே ஓடிக்கொண்டு சத்தமாக எண்ணினார். அறுபதுக்கு மேல் அவருக்கு மூச்சு வாங்கும். மறுபடி நாற்பதிலிருந்து தொடங்குவார். நிமல் சேர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆனால் படங்கள் வந்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. காலை முதுகையும் மாலை முதுகையும் மெல்லிய தாளில் வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சொல்ல முடியாது. கழுத்து முன்னே தள்ளி, ஒரு தோள் இறங்கி... மேல் மலையிலிருந்து முழுக் கூடையோடு சரிவில் இறங்கி வருகிறவர்களுக்குத்தான் ரொம்ப மோசம்.

துரை அந்தத் தாள்களை வாங்கி நேரம் எடுத்துப் பார்த்தார். மலை வரைபடம் பார்த்தே பழகின மனுஷன். மேடு பள்ளம் அவருக்குப் புரியும். இரண்டு மாதத்தில் மேல் மலையிலேயே ஒரு கொட்டில் போட்டுத் தராசு வைத்தார்கள். கொழுந்து அங்கேயே நிறுக்கப்பட்டு லொறியில் இறங்கியது.

கட்டுரை இதழில் வெளிவந்ததும் நிமல் சேர் ஒரு பிரதி அனுப்பினார். லயத்தில் ராக்கம்மா அக்காவின் காம்பராவுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். என் ஒன்றாம் நம்பர் கோணலும் அதில் இருந்தது; ஆனால் பக்கம் நிறைய அவருடைய முதுகு. கீழே ‘14’ என்று மட்டும்.

“எம் பேரு எங்க டீச்சர்?”

“பேர் போட மாட்டோம்னு சொல்லித்தானே அக்கா எடுத்தோம்.”

“முதுகுக்குப் பேரு வேணாம். நாலு மணிக்குப் புடிக்கச் சொன்னது யாரு? அதுக்கு?”

அவர் கேட்டதை அப்படியே நிமல் சேருக்கு எழுதிப் போட்டேன். மறு வருடம் அவருடைய இரண்டாவது கட்டுரை வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி என்று ஒரு வரி. மாலையில் அளக்க வேண்டும் என்ற யோசனை, கொழுந்து பறிக்கும் தொழிலாளி திருமதி ராக்கம்மாவுடையது என்று அதில் இருந்தது. வாசித்துக் காட்டினேன்.

தோட்டத்தில் ‘பேரு’ என்றால் வேறு அர்த்தமும் உண்டு. முழு நாள் வேலைக்கு முழுப் பேரு. கொழுந்து குறைந்தால் அரைப் பேரு, அரை நாள் கூலி.

ராக்கம்மா அக்கா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் கேட்டார்:

“இது முழுப் பேரா டீச்சர்... இல்ல அரைப் பேரா?”